ஐந்து பேருக்கும் ஒரே புள்ளி

அந்த மேசை வட்டமாக இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

லண்டனில், குரோய்டன் ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதன் நாலாம் மாடி. வட்ட மேசையைச் சுற்றி நாலு கதிரை. நடுவில் ஒரு தட்டு நிறைய வெள்ளரிக்காய் சாண்ட்விச். ஓரமெல்லாம் காய்ந்து மேலே வளைந்திருந்தது. பக்கத்தில் ஒரு தாள், ஒரு பென்சில். நாலு பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

சுவரோரமாக ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மடியில் அட்டை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்த ஆள், நாங்கள் வேலை கேட்டுப் போன கொம்பனியின் பிரதான எஞ்சினியர். மொட்டைத் தலை, சிவந்த முகம். பெயர் பார்க்கர் என்று வைத்துக்கொள்வோம். "நாலு பேரும் சேர்ந்து இந்தப் பிரச்சினைக்கு ஒரு விடை கண்டுபிடியுங்கள். நாங்கள் இங்கே இருப்பதை மறந்துவிடுங்கள்," என்றார்.

நான் உடனே மறந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஒரு மேசை, ஒரு தாள், நாலு தலை. இந்தப் பரீட்சையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள்.

பக்கத்துக் கதிரையில், என்னோடு வந்த யோகன் பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். "பயப்படாதையும் தம்பி," என்று மெல்லச் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே புள்ளிதான்."

படிப்புக்கு என்ன ஆனது?

இந்தப் பத்தியில் போன கிழமை எழுதிய ஜெர்மனிக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எஞ்சினியரிங் படித்ததாக அங்கங்கே சொல்கிறீர்கள். அந்தப் படிப்புக்கு என்ன ஆனது?" நல்ல கேள்வி, அம்மா. அதைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் இவ்வளவு நாளும் கறி, குளிர், விசா என்று எழுதிச் சமாளித்தேன். இன்றைக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். அது எப்படிப்பட்ட வருடம் என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மே மாதம் வரைக்கும், வேலை முடிந்ததும் முடியாததுமாக நாடாளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று கத்தினோம். மே மாதத்துக்குப் பிறகு போய் நிற்க ஓரிடமும் இல்லை. மிச்சம் என்ற லண்டன் புறநகரில் ஒரு பெற்றோல் ஷெட்டில் எனக்கு வேலை. ரில் என்கிற காசுப் பெட்டிக்குப் பின்னால் நின்று வருகிறவர் போகிறவரிடம் பம்ப் இலக்கம் கேட்பேன். தலைக்குள் ஊர்ச் சண்டையின் படங்களே ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தலைக்கு வேறு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று தெரிந்தது.

என் தலைக்குத் தெரிந்த வேலை கொதிகலன் ஒன்றுதான். ஊரில் ஒரு ஆலையில் நாலைந்து வருடம் கொதிகலன் பகுதியைப் பார்த்தவள் நான். பிறகு சண்டை, ஜெர்மனி, லண்டன், பிள்ளைகள், ரில். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கொதிகலனைக் கிட்ட நின்று பார்க்கவில்லை. எப்படியாவது திரும்ப ஒரு கொதிகலன் அறைக்குள் போய்விட வேண்டும் என்ற ஆசை, அந்தக் கோடையில் ஒரு பசி மாதிரி வந்து பிடித்தது.

வேலை விளம்பரத்தைக் கொண்டுவந்தவர் யோகன். பாரிசில் பல வருடம் எலக்ரீசியனாக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த குடும்பஸ்தர். பிரெஞ்சு தண்ணீராய் ஓடும், இங்கிலீசு நொண்டும். டூட்டிங்கில் மரக்கறிக் கடை வாசலில் என்னை மறித்தார். பழைய கவுன்சில் கட்டடங்களின் ஹீட்டிங் வேலைகளைப் பார்க்கிற ஒரு கொம்பனிக்கு இரண்டு ஆட்கள் வேண்டுமாம்.

"நீங்களும் போடுங்கோ, சரோ அக்கா. நான் தனியப் போக மாட்டன்."

"ஐம்பது தாண்டின பொம்பிளைக்கு ஆர் தரப்போறான்?"

"தரமாட்டாங்கள் எண்டு நீங்களே முடிவு கட்டினால் என்னெண்டு கிடைக்கும்?"

வாழைக்காயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் விண்ணப்பம் போட்டேன்.

நீனா இவானோவ்னாவின் பிரிகேட்

வட்ட மேசை என்னை ஏன் அப்படி மயக்கியது என்று இனிச் சொல்லவேண்டும். அதற்குச் சோவியத் நாட்டுக்குப் போகவேண்டும்.

எழுபதுகளில் எனக்கு ஊரில் எஞ்சினியரிங் கிடைக்கவில்லை. நான் நல்ல புள்ளி எடுத்திருந்தேன். ஆனால் தரப்படுத்தல் என்று ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் படியை உயர்த்தி வைத்தார்கள். அப்பா இடதுசாரிக் கட்சிக்காரர். அலையாய் அலைந்து ஒரு சோவியத் புலமைப்பரிசிலைப் பிடித்துத் தந்தார். மூக்குக்குள் மயிர் உறையும் ஒரு நகரத்தில், கொதிகலன் துறையில் கொண்டுபோய் விட்டார்கள்.

அங்கே எங்கள் பேராசிரியை நீனா இவானோவ்னா. கட்டை உருவம். முன்வாயில் ஒரு இரும்புப் பல். சிரித்தால் அதுதான் முதலில் தெரியும். எனக்கோ வாய் சும்மா இராது. ஒருநாள் ஆய்வுகூடத்தில், "நீங்கள் எங்கே, எப்படி எஞ்சினியர் ஆனீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினியர்," என்றார். "மிச்சம் வேறு நாலு பேரிடம் இருக்கிறது."

விடுவேனா? தேநீர் ஊற்றிக் கொடுத்துக் கொடுத்து முழுக் கதையையும் கறந்தேன்.

அவர் படிக்கும் வயதுக்கு வந்தபோது புரட்சி நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான். புது அரசாங்கத்துக்கு எஞ்சினியர்மார் வேண்டும், உடனே வேண்டும், அதுவும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளாக வேண்டும். பழைய காலத்து எஞ்சினியர்மாரில் நம்பிக்கை இல்லை. ஆகவே பட்டறையில் நின்றவர்களைக் கூட்டி வந்து, அவர்களுக்கென்றே திறந்த ஆயத்தப் பள்ளியில் கணக்குப் படிப்பித்து, உயர் தொழில்நுட்பக் கல்லூரிக்குள் விட்டார்கள். நீனா ஒரு தேவாலயக் குருவின் மகள். "அப்பாவுக்கு என்ன வேலை?" என்பதுதான் கல்லூரி வாசலில் முதற் கேள்வி. ரயில் எஞ்சின் பட்டறையில் இரண்டு வருடம் கரி அள்ளின பிறகுதான் உள்ளே விட்டார்களாம்.

அட, இவருக்கும் தரப்படுத்தலா என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வழியற்றுக் கிடந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசல் திறந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அப்பாவின் மகள் அல்லவா நான். ஆனால் வெளியே நிறுத்தப்பட்ட பெட்டையாகவும் இருந்திருக்கிறேன். இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைத்திருப்பது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

உள்ளே போனால் விரிவுரை மிகக் குறைவு. மாணவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து 'பிரிகேட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு மேசை, ஒரு புத்தகம். சேர்ந்து படிக்கவேண்டும், சேர்ந்து கணக்குச் செய்யவேண்டும். பரீட்சை நாளில் ஒருவர் எழுந்து பதில் சொல்வார். அவருக்குக் கிடைக்கும் புள்ளிதான் ஐந்து பேருக்கும்.

நீனாவின் பிரிகேட்டுக்குத் தலைவன் ஃபேத்யா என்ற பட்டறைப் பிட்டர். கணக்கெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நீனா. பரீட்சையில் எழுந்து பேசுவது அவன். குருவின் மகள் எழுந்து பேசினால் பார்க்கிறவர்களுக்கு நல்லாயிராது.

"உங்களுக்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"கோபமா? அவன் ஓரிடத்தில் தடுமாறினால் நான் உதட்டசைவில் விடையைக் காட்டுவேன். என் புள்ளி அவன் வாயில் அல்லவா இருந்தது!"

படிப்பையும் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார்களாம். அந்த ஐந்து பேரில் ஒருவன் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்டும் பம்புக்கு மட்டும் எஞ்சினியராக வெளியே வந்தான். "பெரிய கொதிகலனைக் காட்டி இது என்ன என்று கேட்டால், அது பக்கத்து டிப்பார்ட்மென்ட் என்பான்," என்று சொல்லி நீனா கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

பிறகு ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிரிகேட் பரீட்சை பிழையான முறை. இனி ஒவ்வொருவரும் தனித்தனியே. நீனா முதன்முறையாகப் பேராசிரியருக்கு முன்னால் தனியே போய் நின்றார். எல்லா விடையும் தெரியும். ஆனால் வாய் திறபடவில்லை. ஃபேத்யா பாஸ், நீனா பெயில். அடுத்த தவணையில்தான் பாஸ் பண்ணினாராம்.

நான் அதை ஒரு பகிடிக் கதையாகத்தான் கேட்டு வைத்தேன்.

இவ்வளவும் பட்டவர், ஆய்வுகூட வேலைக்கு எங்களை, வெளிநாட்டுப் பிள்ளைகளை, அதே மாதிரி ஒரு மேசையில்தான் போட்டார். கேட்டால், "அதைவிட நல்லாய்ப் படிக்க வேறு வழி எனக்குத் தெரியாது," என்பார். ஒரு வியட்நாம்காரி, ஒரு சிரியாக்காரன், ஒரு கியூபாக்காரன், நான். கியூபாக்காரனுக்கு ரஷ்ய மொழி சரளம், அவன் பேசுவான். எனக்குக் கணக்கு, நான் தாளில் செய்து அவன் பக்கம் தள்ளுவேன். புள்ளி எல்லாருக்கும் ஒன்று. படித்து முடியும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

மேல்மாடியில் குளிர்

இப்போது குரோய்டனுக்கு வாருங்கள். தாளில் இருந்த பிரச்சினை இதுதான். பழைய எட்டுமாடிக் கட்டடம். கீழ்மாடிகளில் வெக்கை தாங்க ஏலாது. மேல்மாடிகளில் ரேடியேற்றரைத் தொட்டால் ஐஸ். முதலில் என்ன செய்வீர்கள்?

யோகனையும் என்னையும் தவிர மேசையில் இரண்டு பேர். ஒருவன் ஸ்டீவன், வெள்ளைக்கார இளைஞன். மற்றவர் கானா நாட்டவர். அவருடைய கவனம் சாண்ட்விச்சில் இருந்தது. "பம்ப் போய்விட்டது, புதுப் பம்ப் போடவேண்டும்," என்று ஸ்டீவன் அடித்துச் சொன்னான்.

பம்ப் போயிருந்தால் கீழே எப்படி அப்படிக் கொதிக்கும்? எங்கேயோ தண்ணீர் ஒழுகி அழுத்தம் குறைந்திருக்கிறது. மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏறவில்லை, குழாய்க்குள் காற்று நிற்கிறது. அழுத்தமானியைப் பார்த்து, ஒழுக்கைத் தேடி அடைத்து, தண்ணீரை நிரப்பி, மேலே காற்றைத் திறந்துவிட்டால் முடிந்தது வேலை. தாளைக் கண்ட மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா? யோகன் பக்கம் சரிந்து தமிழில் சொன்னேன்.

"பம்பை விடச் சொல்லும். பிரஷர் குறைவு. முதல் கேஜைப் பாக்கவேணும் எண்டு சொல்லும்."

"நீங்களே சொல்லுங்கோவன் அக்கா. எனக்கு இங்கிலீசு வராது."

"அதுக்குத்தான் சொல்லுறன். நீர் பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் புள்ளி குறையும். நான் கணக்கைப் பாக்கிறன்."

யோகன் எழும்பியே நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. "நோ பம்ப்! பிரஷர்!" என்று தொடங்கி, பாதி பிரெஞ்சும் பாதிக் கையுமாக முழுவதையும் சொல்லி முடித்தார். பார்க்கர் நிமிர்ந்து பார்த்து எழுதினார். எட்டாம் மாடிக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுத் தாளை ஸ்டீவனிடம் தள்ளினேன். அவன் அதை நல்ல குரலில் வாசித்தான். பார்க்கர் அதையும் எழுதினார். எனக்கென்றால் பெருமை பிடிபடவில்லை. கானாக்காரரையும் ஒரு வசனம் சொல்லவைக்க ஆனமட்டும் பார்த்தேன். அவர் சாண்ட்விச்சை என் பக்கம் நகர்த்தினார்.

ட்ராமில் திரும்பி வரும்போது, "முழுப்புள்ளி, பாரும்," என்றேன்.

யோகன் என் பக்கம் திரும்பினார். "அக்கா, ரெண்டு வேலைதானே இருக்கு. நாங்கள் நாலு பேரெல்லே?"

அட கடவுளே. அதை நான் யோசிக்கவேயில்லை. மிச்சம் தரிப்பிடம் வரும்வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன்.

ரோல்ஸ்

ஒரு வேலை ஸ்டீவனுக்கு, மற்றது யோகனுக்கு. எனக்கு "வருந்துகிறோம்."

எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். போன் எடுத்தேன். அன்றைக்குச் சுவரோரம் இருந்த பெண்தான் பேசினாள். அன்பாகத்தான் சொன்னாள்: "நீங்கள் மற்றவர்கள் சொல்வதை நன்றாகக் கேட்டீர்கள். ஆனால் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லையே."

ஒன்றும் வரவில்லையாம்! பிரஷர் யாருடையது, கணக்கு யாருடையது என்று கத்த வாய் உன்னியது. அதற்குப் பதிலாக, "ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவா புள்ளி போட்டீர்கள்?" என்று கேட்டேன். "ஆம். வேறு எப்படிப் போடுவது?" என்றாள். அவளுக்கு நீனா இவானோவ்னாவை எங்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சனம் முழுக்க உம்மட வாய்க்குப் பயம். ஒரு நாளைக்கு அது தேவைப்பட, வாயைப் பூட்டிக்கொண்டு இருந்திட்டு வந்திருக்கிறீர்!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வீட்டில் ஒருவருக்கும் கேட்காமல் அழுதேன். இனிமேல் ஒரு கொதிகலன் அறைக்குள் நான் போகப்போவதில்லை என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன்.

சனிக்கிழமை யோகனும் மனைவியும் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு வந்தார்கள். யோகன் கதிரையின் நுனியில் இருந்தார்.

"அக்கா, நான் அந்த வேலையை வேண்டாமெண்டு சொல்லப்போறன். அது உங்கட வேலை."

"விசர்க்கதை கதையாதையும். நீர் விட்டால் எனக்கே தரப்போறாங்கள்? அந்தச் சாண்ட்விச்காரருக்குப் போகும்."

"எனக்கு மனசு கேக்குதில்லை."

"என்ர மனசும் கேக்கேல்லைதான். உம்மைப் பாக்கவே எனக்கு எரிச்சலாக் கிடக்கு, பொய் சொல்ல மாட்டன். ஆனால் திங்கக்கிழமை நேரத்துக்குப் போம்."

யோகனின் மனைவி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என் கையைப் பிடித்தாள். ரோல்ஸ் நல்ல ருசி. எரிச்சலில் நான் மூன்றைத் தின்றேன்.

கண்

மார்கழியில் பனி கொட்டிய ஒரு காலை. ரில்லில் நிற்கிறேன், கைபேசி அடிக்கிறது. யோகன்.

"அக்கா, வயசுபோன ஆக்கள் இருக்கிற கட்டடத்தில நிக்கிறன். பொயிலர் பத்துது, உடன அணையுது. பத்துது, அணையுது. ஸ்டீவனுக்குச் சுகமில்லை. பார்க்கர் வந்துகொண்டிருக்கிறார். மேல ஒரு கிழவி கம்பளியோட நடுங்குது, அக்கா."

"கேஸோ, எண்ணெயோ?"

"எண்ணெய்."

"ரீசெட் பட்டனை எத்தினை தரம் அமத்தினீர்?"

"ரெண்டு தரம்."

"இனித் தொட்டீர் எண்டால் நான் வந்து கையை முறிப்பன். எரியாத எண்ணெய் உள்ளுக்குத் தேங்கும். பிறகு ஒரேயடியாப் பத்தினால் கதவோட பறப்பீர். முதல் மெயின் சுவிச்சை நிப்பாட்டும்."

எண்ணெய்க் கொதிகலனில் ஒரு சின்னக் கண் இருக்கும். நெருப்பு எரிகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எரியவில்லை என்று கண்டால் எண்ணெயை நிறுத்திவிடும். அந்தக் கண்ணில் கரி படிந்தால், எதிரே நெருப்பு எரிந்தாலும் அதற்குத் தெரியாது. நிறுத்திவிடும்.

கண்ணைக் கழட்டிப் பார்க்கச் சொன்னேன். எனக்கு முன்னால் வரிசை நீண்டது. பால் போத்தலோடு நின்ற ஒருவர் மேசையில் விரலால் தட்டினார். கையை உயர்த்தி, "எமர்ஜென்சி," என்றேன்.

"கண்ணைக் கழட்டிட்டன் அக்கா. ஒரே கறுப்பு."

"காய்ஞ்ச துணியால துடையும். உள்ளுக்கு எண்ணெய் நிக்குதோ எண்டு வடிவாப் பாரும்."

"இல்லை. காய்ஞ்சுதான் கிடக்கு."

"அப்ப திருப்பிப் பூட்டும். மெயினைப் போட்டிட்டு, பட்டனை ஒருக்கா மட்டும் அமத்தும். கதவுக்கு நேர நிக்காதையும்."

முதலில் காற்றாடியின் இரைச்சல் வந்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு அந்த உறுமல். நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நிற்கவில்லை.

"பிடிச்சிட்டுது அக்கா!"

"வைக்காதையும். போனைப் பொயிலருக்குக் கிட்டப் பிடியும்."

பிடித்தார். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். சொக்லேட்டும் சிகரெட்டும் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவில் நின்று எனக்குக் கண்ணீர் கொட்டியது. பால் போத்தல்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது போனுக்குள் ஒரு கதவு திறபட்டு, ஆங்கிலத்தில் ஒரு ஆண்குரல் கேட்டது. யோகன் குரலைத் தாழ்த்தினார்.

"பார்க்கர் வந்திட்டார் அக்கா. எப்பிடிச் சரிபண்ணினீர் எண்டு கேக்கிறார். என்னெண்டு சொல்ல?"

"என்ர பேரைச் சொல்லும்."

"என்ன?"

"என்ர பேர், தம்பி. முழுப்பேரும் சொல்லும். எஞ்சினியர் எண்டும் சொல்லும்."

சொன்னார். நொண்டி நொண்டி, ஆனால் உரக்கச் சொன்னார்: எஞ்சினியர், மிஸிஸ் சரோஜினி சிவபாதம். பார்க்கருக்கு விளங்கவில்லை போலும். யோகன் இன்னொரு தரம் நிதானமாகச் சொன்னார். பிறகு போன் கை மாறியது.

"அன்றைக்கு மேசையில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த அம்மாவா?" என்றார் பார்க்கர்.

"நான்தான்," என்றேன். "இப்போது கேளுங்கள்."